இடப்பக்கம் முக்கால் சுற்று

இந்த வருடம் சேந்தமங்கலத்துக் கெடா விருந்துக்குப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். கறியின் மேல் கோபமில்லை. மச்சான் சென்னியப்பன்தான் காரணம். நான் லாரியைக் கரும்புக் காட்டுக்குள் விட்ட கதையை இலை போட்டதும் ஆரம்பித்து ரசம் வரும்வரை சொல்வார். ஒவ்வொரு வருடமும் லாரி இன்னும் பத்தடி உள்ளே போகிறது.

என் மனைவி கந்தம்மாள் ஒரு பந்தயம் வைத்தாள். மகன் விட்டுப்போன பழைய வீடியோ கேம் பெட்டியில் கார் ரேஸ். நான் ஜெயித்தால் வீட்டிலேயே இருக்கலாம். முப்பத்தொரு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் நான். அவள் பிடித்தது இட்லிச் சட்டி. ஆனாலும் தினமும் அவள்தான் ஜெயிக்கிறாள்.

பெட்டிக்குள், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகாணி உண்டு. அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரத்தில் மூடியைக் கழற்றி, அதை இடப்பக்கம் முக்கால் சுற்றுத் திருப்பினேன். டிவியில் அமாவாசை. எனக்கு வளைவெல்லாம் மனப்பாடம். அவள் பார்த்துத்தான் ஓட்டுவாள்.

"மொதல்ல நீயே ஓட்டு புள்ள" என்றேன், பெருந்தன்மையாக.

உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரல்கள் பறந்தன.

"அடேங்கப்பா! இன்னைக்கு ரோடு எத்தனை பளிச்சுன்னு இருக்குதுங்க!"

எனக்குத் திரையில் தெரிந்தது என் முகம் மட்டும்தான்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியலீங்களா?"

"தெரியாம என்ன? நல்லாத் தெரியுது."

"அப்ப என் காரு எங்க போகுதுன்னு சொல்லுங்க."

"பாலத்து மேல."

"ஐயோ சாமி! அது கவுந்து எத்தனை நேரமாச்சு! உங்களுக்குப் புரை உழுந்திருச்சுங்க!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சும்மா இருங்க. ஞாயித்துக்கெழம அண்ணனூர்ல கண் முகாமு. அறுத்தா சரியாப் போயிரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் போனைப் போட்டுவிட்டாள். "அண்ணா, இவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியலீங்கண்ணா. முகாமுல பேர் குடுத்துருங்க... ஆமாங்கண்ணா, ரண்டு கண்ணையும் அறுக்கோணும்."

"ரண்டையுமா?" கத்தியே விட்டேன். "ஏம்புள்ள, என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்ல! நான்தான் திருகாணியைத் திருப்பி உட்டேன். நீ தோக்கோணும்னு!"

"எனக்கும் ஒரு எழவும் தெரியலீங்க" என்று சிரித்தபடியே போனை என் பக்கம் நீட்டினாள். ஸ்பீக்கரில் இருந்தது.

"மாப்ள" என்றார் மச்சான். "தாராளமா வாங்க. இந்த வருசம் லாரிக் கதையைச் சொல்லவே மாட்டேன்."