அண்ணாச்சியின் ஐந்தாவது கட்டம்

ஒரகடத்தில் வேலை பார்த்த ஆறு வருஷத்தில் என் பொறுமையில் முக்கால்வாசியைத் தின்று தீர்த்தவர் ஒரே ஆள்தான்: ஒய்-ஒய் அண்ணாச்சி. ஊர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு ஃபார்ம். லைனில் ஒரு பீஸ் கெட்டுப்போனால் 'ஏன்?' என்று கேட்டு முதல் கட்டத்தில் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கும் ஒரு 'ஏன்?'. இப்படி ஐந்து 'ஒய்' கேட்டால் ஐந்தாவது கட்டத்தில் மூல காரணம் மாட்டிக்கொள்ளும். இதைக் கம்பெனியோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த ரூமுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"சாம்பார்ல உப்பு ஏம்ல கூடுச்சு?"

"ரெண்டு தடவ போட்டுட்டேன் அண்ணாச்சி."

"ஏன் ரெண்டு தடவ?"

"நடுவுல ஒரு போன் வந்துச்சு."

"அந்நேரத்துல யாரு, ஏன் பண்ணுனாங்க?"

ஐந்தாவது 'ஏன்' முடிவதற்குள் நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த காதலை ஐந்து ரூம்மேட்டுகள் முன்னால் ஒப்புக்கொண்டிருந்தேன்.

அப்பேர்ப்பட்டவர் திடீரென்று வாயை மூடிக்கொண்டார். இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர் செல்வத்துக்கு இரண்டு விரல்கள் போன நாளிலிருந்து. அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அதன் பிறகு தூக்கம் இல்லை. பிரஸ் சத்தம் கேட்டாலே கை நடுங்கியது. செல்வம் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

கம்பெனி ஆன்லைன் கவுன்சலிங்குக்கு ஏற்பாடு செய்தது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வீடியோவில் ஒரு மேடம் வருவார்.

"ரகசியமா பேசணும்ல, எல்லாரும் வெளிய போங்கல!" என்று அண்ணாச்சி எங்களைத் துரத்தினார். உள்ளே அடுப்பில் மட்டன். மாடிப்படியில் நாங்கள் வெறும் வயிற்றோடு. கதவைத் தாழிட்டு ரகசியம் காத்த அந்த மகானுபாவர், காது மந்தம் என்று ஸ்பீக்கரைப் போட்டார். பேசியதோ மெஷினுக்கு மேலே கத்திப் பழகிய அதே குரலில்.

"நாலு செகண்டு மூச்ச இழுக்கணுமா? கூடக் கொறைய எவ்ளோ போலாம் மேடம்?"

"அளவெல்லாம் வேண்டாம் சார். உங்களுக்கு வசதியா இருந்தா போதும்."

"அளவு இல்லாம எப்படி மேடம் பாஸ் போடுறது?"

தெருவே கேட்டது. கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா என்னை நிறுத்தி, "இன்னா தம்பி, அண்ணாச்சி அந்த மூச்சுப் பயிற்சிய செய்றாரா இல்லியா? நானே செஞ்சு பாத்தேன், நல்லாத்தான் கீது" என்றார்.

மூன்றாவது ஞாயிறு அண்ணாச்சி தன் விஷயத்துக்கே ஃபார்ம் நிரப்பி, மேடத்திடம் வாசித்தார். "கை உள்ள இருக்கும்போது மெஷின் ஏன் எறங்குச்சு? சென்சார் வேல செய்யல. ஏன் செய்யல? ஒயர் லூசு. ஏன் தெரியல? யாரும் செக் பண்ணல. ஏன் பண்ணல? அது யாரோட வேலன்னே யாருக்கும் தெரியல. பக்கத்துல நின்னவன் ஏன் கவனிக்கல?" ஐந்தாவது கட்டத்தில் எழுதியிருந்த பதிலையும் வாசித்தார்: தன் பெயர்.

மேடம் கேட்டார். "கம்பெனில யாராவது இந்தக் கட்டத்துல ஒரு ஆளோட பேர எழுதிக் குடுத்தா என்ன செய்வீங்க சார்?"

"திருப்பி அனுப்பிருவேன். ஆள் பேர எழுதுனா வெசாரண முடியலன்னு அர்த்தம்."

"அப்போ இத மட்டும் ஏன் வாங்கிக்கிட்டீங்க?"

உள்ளேயிருந்து மட்டன் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. எங்களில் ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

"நடுக்கம் ஒரே வாரத்துல போயிடாது சார், மெதுவா பார்ப்போம்" என்றார் மேடம். "செல்வத்தைப் பார்க்கணும்னு தோணுனா, யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சிக்குத் தோன்றியது. "ஏல, நீதான் வரணும்."

"நான் ஏன்?"

"ஏன்னுல்லாம் கேக்கப்படாது."

தண்டலத்தில் செல்வம் வீட்டுத் தெருமுனை வரை போய் மூன்று தடவை திரும்பினார். உச்சி வெயில். "அண்ணாச்சி, நான் வெயில்ல செத்தா அதுக்கும் ஃபார்ம் எழுதுவீங்களா?" என்று நான் கத்திய கத்தலில் செல்வமே வெளியே வந்துவிட்டான். கையில் கட்டு.

"இன்னா அண்ணாச்சி, எத்தினி வாட்டி போன் பண்றது? விரல் போனது எனக்கா, உனக்கா? உள்ள வா, சாப்புடலாம்."

அண்ணாச்சி அந்தக் கட்டுப்போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். செல்வமும் அழுதான். நான் எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூரில் பஸ் கிளம்புவதற்குள் அண்ணாச்சியின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் குறட்டை. ஒன்றரை மாதத்தில் அவர் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை.

"ஒரகடம்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். படுத்தி எடுத்த மனிதர்தான். ஆனாலும் எழுப்ப மனசு வரவில்லை. எங்கள் ஸ்டாப்பைத் தாண்டி வரும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இன்னும் இரண்டு டிக்கெட் கொடுங்கள் என்று, தோள் அசையாமல், மெதுவாகக் கேட்டேன்.