மாமனார் விழுந்த இடம்

சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் ஒரு கான்கிரீட் துண்டு. மறுமுனையில் கைக்குட்டை அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் புல். நடுவில் லிஃப்ட்காரர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்காவது ஒரு முடிவு சொல்லுங்க," என்றாள் மனைவி. "அப்பா அடுத்த மாசம் வர்றார்."

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ரெண்டையும் எடுத்துக் கீழே வைங்க. தட்டு வைக்க இடமில்லை."

ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர். மேலே, கீழே என்று இரண்டு பொத்தான்களை நம்பியே பிழைப்பு நடத்துகிறவருக்கு, வீட்டில் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் கை ஓடாது, கால் ஓடாது.

விஷயம் இதுதான். போன தடவை மாமனார் வந்திருந்தபோது, ஊருக்குக் கிளம்புகிற நாள் காலையில், பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பின்பக்கம் ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்" என்று போனவர், கொல்லைச் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டார். காலில் சுளுக்கு. நாலு நாளைக்கு வந்த மனுஷர், ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டு மூன்று வாரம் இருக்கும்படி ஆகிவிட்டது.

அதுவும் யார்? "எவ்வளவு பிரியமான வீடா இருந்தாலும் நாலு நாள்தான். அஞ்சாம் நாள் மனுஷன் பாரம்" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் மார்தட்டிக்கொள்கிறவர். அப்படிப்பட்டவருடைய கொள்கையையே இந்தக் கொல்லை கெடுத்துவிட்டது. அதனால் அவர் அடுத்து வருவதற்குள் அந்தச் சேற்றின் மேல் கான்கிரீட்டோ பிளாஸ்டிக் புல்லோ போட்டுவிடுவது என்று ஏற்பாடு.

"பாவம், அந்த இடது காலை எப்படி இழுத்து இழுத்து நடந்தார்!" என்றாள் மனைவி.

"வலது கால்மா."

"எங்க அப்பா கால் எனக்குத் தெரியாதா? கட்டுப் போட்டதே நான்தான்."

"தைலம் தேய்ச்சது நான்தானே?"

"எந்தக் காலா இருந்தா என்ன, விழுந்தது நம்ம வீட்டுலதானே! நல்லவேளை, கண்ணாடியைக் கழட்டி ஜன்னல்ல வெச்சுட்டுப் போயிருந்தார். இல்லேன்னா கண்ணுக்கும் சேர்த்து ஆபத்து."

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குள் இன்னொரு குறுகுறுப்பும் இருந்தது. அதை மனைவியிடம் சொல்ல முடியாது. சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவர் அவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கு எந்த மாடியில யார் மாட்டிக்கிட்டாங்க, மாப்பிள்ளை?" என்று ஆசையாகக் கேட்க ஒரு ஆள் இருந்த அந்த மூன்று வாரம்தான், உண்மையைச் சொன்னால், அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மூன்று வாரம். ஒரு பெரியவர் கால் சுளுக்கிக் கிடக்கும்போது இப்படிச் சந்தோஷப்பட்டோமே என்று அவருக்கு அப்புறம் வெட்கமாகக்கூட இருந்தது. அதனால்தான் இந்தத் தடவை அவர் காலுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று பிடிவாதம். இன்னொரு முறை விழுந்தால் மனுஷர் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

மாமனாருக்கு எது பிடிக்கும் என்று நாசூக்காகத் தெரிந்துகொள்ளலாம் என்று போனைப் போட்டார்.

"மாமா, உங்களுக்குப் புல்லு பிடிக்குமா?"



"நான் என்ன மாடா, மாப்பிள்ளை?"

"ஐயையோ, அப்படி இல்ல மாமா. சும்மா கேட்டேன். அப்ப... சிமெண்ட்?"

"உடம்பு நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?" என்றார் மாமனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது இருக்கட்டும். உங்க பின்பக்கம் எப்படி இருக்கு? அதே சேறுதானா?" என்றார்.

லிஃப்ட்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "இன்னும் மறக்கலை. மனசுல வெச்சிருக்கார். கான்கிரீட்டே போட்டுடலாம்."

கொத்தனார் வந்தார். கொத்தியெடுத்தார், இடித்துக் கெட்டிப்படுத்தினார், கான்கிரீட்டைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்துவிட்டார். வேலையில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கடைசியில் கரணையால் தேய் தேய் என்று தேய்த்து, "முகம் பார்த்துத் தலை வாரலாம் சார்," என்று பெருமையோடு கிளம்பிப்போனார்.

தலை வாரலாம்தான். நடக்க முடியவில்லை. துணி காயப்போட வாளியோடு போன மனைவி, சிந்திய தண்ணீரில் கால் வைத்தாள். கால் ஒரு பக்கமும் வாளி ஒரு பக்கமும் போக, கதவைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தாள்.

"சேத்துலயாவது கால் புதையும்," என்று அங்கிருந்தே கத்தினாள். "இதுல நிக்கவே நிக்காது!"

லிஃப்ட்காரர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மாமனாருக்குப் போன் செய்தார். நல்ல செய்தியை மட்டும் சொல்வது என்று தீர்மானம்.

"மாமா, பின்பக்கம் பூரா கான்கிரீட் போட்டாச்சு. ஒரு பொட்டு சேறு கிடையாது."

"ஓ." ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்படியா? பூராவுமா?"

"மூலை முடுக்கு விடலை மாமா."

"சரி. நல்லதுதான். அப்ப நாலு நாள் இருந்துட்டு வந்துடறேன்."

அந்தக் குரலில் சுரத்தே இல்லை.

"அவருக்கு கான்கிரீட் பிடிக்கலை," என்றார் லிஃப்ட்காரர். "விழுந்தா அடி பலமா படுமேன்னு பயப்படறார். நீயும் விழப் பார்த்தே. மேல புல்லை ஒட்டிடலாம்."

புல் கடைக்காரர் பெரிய சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம், உரம் வேண்டாம்," என்று ஆரம்பித்தார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எதை எடுத்தாலும் அட்டையைத் திருப்பிப் பின்னால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம்.

"இதோட பக்க விளைவு என்ன?" என்றாள்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க மேடம்."

"வெயில்ல?"

"லேசா சூடாகும்."

"மழையில?"

"கீழே தண்ணி இறங்க வழி இருந்தா பிரச்சினையே இல்ல."

"வழி இல்லேன்னா?"

கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். லிஃப்ட்காரர், "நீங்க ஒட்டுங்க சார்," என்றார். ஒரு வழியாக அவர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டார்.

பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பூனைகூட இறங்கி வந்து புரண்டது. லிஃப்ட்காரர் உற்சாகம் தாங்காமல் மறுபடியும் போன் போட்டார்.

"மாமா, கான்கிரீட் மேல புல்லும் ஒட்டியாச்சு. இனிமே நீங்களே நினைச்சாலும் விழ முடியாது. விழுந்தாலும் மெத்தையில விழுந்த மாதிரி. ஒரு சுளுக்கு, ஒரு சிராய்ப்பு வராது!"



"மாப்பிள்ளை, எனக்கு அலைச்சல் ஒத்துக்கலை. வர்றதா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

லிஃப்ட்காரர் போனைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வீட்டுக்கு வரவே மனசு வரலை அவருக்கு," என்றார் மனைவியிடம். "நான் என்ன செஞ்சாலும் தப்பாவே போகுது."

போதாக்குறைக்கு அன்று மழை வேறு. கான்கிரீட்டுக்குக் கீழே போக முடியாத தண்ணீர் புல்லுக்குள் தங்கிவிட்டது. அடியெடுத்து வைத்தால் 'சளக்', எடுத்தால் 'சளக்'. புல்லில் புரண்ட பூனை, நனைந்த வாலோடு முறைத்துவிட்டுச் சுவரேறிப் போனது.

"தண்ணி இறங்க ஓட்டை போட்டா சரியாயிடும்," என்று டிரில்லிங் மிஷினை எடுத்தார் லிஃப்ட்காரர்.

"அந்தப் பக்கம் குழாய் போகுதுன்னு கொத்தனார் சொன்ன ஞாபகம்," என்றாள் மனைவி.

"அது அந்த ஓரம்மா."

அந்த ஓரம் இல்லை, இந்த ஓரம். மூன்றாவது ஓட்டையில் தண்ணீர் அவர் மூக்கு உயரத்துக்கு எழும்பியது. கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தார், பிறகு முழங்காலால். ஓடிவந்த குழாய்க்காரர், "உள்ளே முழுக்கத் துருப்பிடிச்சிருக்கு சார். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் மாத்தியாகணும்," என்றார். புல் சுருண்டு சுவரோரம் போனது. கான்கிரீட் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. சாயங்காலம் பார்த்தால் கொல்லை முழுக்கச் சேறு. பழைய சேறு இதன் கால்தூசிக்கு வராது.

மனைவி அழாத குறையாக அப்பாவுக்குப் போன் செய்தாள். "எல்லாம் போச்சுப்பா. கான்கிரீட்டும் இல்ல, புல்லும் இல்ல. பூரா சேறு. நீங்க இப்ப வர வேண்டாம்."

லிஃப்ட்காரர் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்ன சொல்றார்?"

"'நான் வந்து பார்த்துக்கறேன்'னு சொல்றார். ராத்திரி வண்டிக்கே கிளம்பறாராம்."

"நேர்லயே திட்டப்போறார்," என்றார் லிஃப்ட்காரர்.

காலையில் வந்து இறங்கிய மாமனார் நேராகக் கொல்லைக் கதவுக்குத்தான் போனார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். லிஃப்ட்காரர் பின்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"மாமா, என்னை மன்னிச்சுடுங்க. இன்னிக்கே ஆளைக் கூப்பிட்டு மூடச் சொல்லிடறேன்."

"ஒண்ணும் அவசரமில்லை," என்றார் மாமனார் சட்டென்று. "நான் கிளம்பினப்புறம் மூடுங்க. எனக்கு சிமெண்ட் தூசி ஒத்துக்காது."

திட்டவில்லை. அன்று மட்டுமில்லை, அடுத்தடுத்த நாட்களிலும் ஒரு சொல் கடுமையாகச் சொல்லவில்லை. தேநீரை உறிஞ்சிக்கொண்டு, எட்டாவது மாடியில் சிக்கிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளையின் கதையை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிச் சிரித்தார். "பெரிய பையன் வீட்டுல காலையில ஆளாளுக்கு வேலைக்குப் போயிட்டா, எனக்கும் டிவிக்கும்தான் பேச்சு," என்று ஒருமுறை சொன்னார். லிஃப்ட்காரர் வேலை முடிந்து படியேறும்போதே அன்றைய கதையை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். காலுக்கு மட்டும் காவல் இருந்தார். மாமனார் கொல்லைப் பக்கம் திரும்பினாலே, "மாமா, வேண்டாம்!" என்று குறுக்கே விழுந்தார்.

நாலாம் நாள் விடிந்தது. பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. லிஃப்ட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன் மாமா."

"சேச்சே. நாலு நாள்னா நாலு நாள்தான், மாப்பிள்ளை. இத்தனை வயசுக்கு மேல கொள்கையை மாத்த முடியுமா?"

வண்டி பிடிக்க லிஃப்ட்காரர் தெருவில் இறங்கினார். பத்தடி போயிருக்க மாட்டார், கொல்லையிலிருந்து "ஐயோ! அம்மா!" என்று அலறல். வீட்டுக்குள் பாய்ந்து, சமையலறையைத் தாண்டி, பின்கதவுக்கு ஓடினார்.

படியோரத்தில் மாமனாரின் செருப்புகள் ஜோடியாக இருந்தன. ஜன்னல் விளிம்பில் மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது. சேற்றின் நடுவில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"போச்சு! மறுபடியும் விழுந்துட்டாரா?" என்று தலையில் அடித்துக்கொண்ட மனைவி, கட்டுத்துணியும் தைலமும் எடுக்க உள்ளே ஓடினாள்.

லிஃப்ட்காரர் சேற்றில் இறங்கி, கண்ணில் நீர் முட்ட, அவர் பக்கத்தில் மண்டியிட்டார். "மாமா! எங்க வலிக்குது? எந்தக் கால் மாமா?"

மாமனார் பின்கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்து, காதோடு கேட்டார்:

"சத்தம் போடாதீங்க மாப்பிள்ளை. போன தடவை எந்தக் கால்?"