கடலுக்கு விட்ட இடம்

ஒரு நாட்டில் கடற்கரையை மிகவும் நேசிக்கும் மன்னர் ஒருவர் இருந்தார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அந்த நாட்டின் கிழக்கே ஒரு மீனவர் குப்பம். குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே அடப்பங்கொடி படர்ந்த மணல்மேடு. அதில் யாரும் குடிசை போடுவதில்லை, அது வழக்கம். கடல் பொங்கும் மாதங்களில் தண்ணீர் மேடுவரை வரும், சற்று இளைப்பாறும், திரும்பிப் போய்விடும்.

பேரமைச்சர் வளவேந்தர் ஒருநாள் வந்து பார்த்தார். இத்தனை அழகைக் காவலில்லாமல் விட்டிருக்கிறோமே என்று வருந்தினார். கடலிலிருந்து இருநூறு கோல் தூரத்துக்குள் எவரும் எதுவும் கட்டக்கூடாது என்று உடனே சட்டம் வந்தது. குப்பத்தார் பட்டாசு வெடித்தார்கள். பாவம், சட்டத்துக்கு விதிவிலக்குகளும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

அழகைக் காக்கக் காவலர் வேண்டும்; காவலருக்கு விடுதி வேண்டும். மேட்டில் விடுதி எழுந்தது. யாரும் பார்க்காத அழகைக் காத்து என்ன பயன் என்று சபையில் கேள்வி எழுந்தது. பார்க்க வருவோருக்காக ஏழடுக்கு மாளிகை எழுந்தது. அதன் பெயர் கடற்கரைப் பாதுகாப்பு நிலையம். நீச்சல்குளமும் பாதுகாப்புக் கணக்கிலேயே வந்தது. காலைத் தடுக்குகிறது என்று அடப்பங்கொடியைப் பிடுங்கி, மேட்டையும் மட்டமாக்கினார்கள்.

மீன் விற்கும் நாச்சம்மா தலைநகர்வரை போய் முறையிட்டாள்.

"அது சும்மா கெடக்குற எடம் இல்லீங்கய்யா. கடலு வந்தா உக்கார வுட்டது. அங்க உக்கார வுடலன்னா எங்க வூட்டுலதான் வந்து உக்காரும்."

வளவேந்தர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கடலிடம் பட்டா இருக்கிறதா அம்மா?"

இல்லையென்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐப்பசியில் கடல் வந்தது. மாளிகைக்குக் கருங்கல் சுவர் இருந்ததால், அதைச் சுற்றிக்கொண்டு குப்பத்துக்குள் நுழைந்தது. இந்த முறை திரும்பிப் போகவில்லை. பின்னாலேயே அளவுநாடாவோடு அதிகாரி வந்தார். நாச்சம்மா வீட்டு வாசலுக்கும் தண்ணீருக்கும் இடையே நாடாவைப் பிடித்துப் பார்த்தார். அளக்க ஒன்றும் இல்லை.

"கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருப்பது குற்றம். காலி செய்துவிடுங்கள்."

"நாங்க இருந்த எடத்துலதான் இருக்கோம். கடலுதான் வந்துச்சு. அதுக்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"கடலுக்கு ஓட்டு இல்லையே அம்மா. உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் நேரில் வந்து, மரியாதையாகச் சொல்கிறேன்."

நாச்சம்மா மீன்கூடையில் துணிமணியை அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தாள். குப்பமே பின்னால் நடந்தது. சட்டம் முதன்முறையாக அமலானதை மன்னர் பாராட்டினார்.

தேர்தல் வந்தபோது, வீட்டு விலாசம் இல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்றார்கள். அதன்பிறகு அவர்களிடம் யாரும் நேரில் வந்து எதுவும் சொல்லவில்லை.