ஆரஞ்சுப் படகுகளுக்கு நடுவே லெனோரா

நாக்ஸ்வில், படகுத்துறைச் சுவரோரம்
சனிக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள மச்சான் டுவைட்டுக்கு,

உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா லெனோரா இப்போது எங்கே இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாததால் அந்த வரியைக் காலியாக விடுகிறேன்.

போன வருடம் உன் வீட்டு விருந்தில், வான்கோழிக் காலை நீ கடித்துக்கொண்டிருந்தபோது லெனோரா சொன்னது உனக்கு மறந்திருக்காது. "கல்யாணம் ஆனதிலேருந்து ஏரி, மரம், ஏரி, மரம். மரத்தைப் பாத்துப் பாத்து எனக்கே இலை முளைச்சுடும் போல. கடை இருக்கிற தெருவுல ஒரு தடவை காலார நடக்கணும். அடுத்த பயணத்துல அது நடக்கலேன்னா படகை டுவைட்டுக்குக் கொடுத்துடணும்." நீ அப்போது வாயைத் துடைக்காமலேயே, "படகு ஏத்துற டிரெய்லர் ரெடியா இருக்கு அத்தான்" என்றாய். அப்போது நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் மூளையைக் கசக்கி இந்தப் பயணத்தைப் போட்டேன். பாடுகா ஊரிலிருந்து ஆற்றில் எதிரேறி வந்தால் நாக்ஸ்வில். படகிலிருந்து இறங்கிச் சாலையைத் தாண்டினால் ஊர். இங்கே ஒரு நாள், திரும்பும் வழியில் அவள் ஆசைப்பட்ட சட்டனூகாவில் இரண்டு நாள். வியாழக்கிழமை வந்து சேர்ந்தோம். டுவைட், துறைச் சுவர் முழுவதும் காலி. இவ்வளவு நல்ல இடத்தை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையே என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு, சுவரை ஒட்டிப் படகைக் கட்டினேன். லெனோரா சந்தையைச் சுற்றினாள், பழைய புத்தகம் வாங்கினாள், பீச் பழப் பலகாரம் ஒன்றைத் தின்றுகொண்டே சிரித்தபடி வந்தாள். படகு எனக்குத்தான் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் திரையை விலக்கினால் ஆறு இல்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு படகு எங்கள் படகோடு ஒட்டிக் கட்டியிருந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. கொடி, குடை, சட்டை, ஒரு நாய் உட்பட எல்லாம் ஆரஞ்சு. பக்கத்துப் படகில் பக் என்ற பெயருடைய தடித்த மனிதர் ஒருவர் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் நகர்ந்தால்தான் என் படகு வெளியே போக முடியும்; எப்போது கிளம்புவீர்கள் என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை அண்ணே," என்றார். "ஜெயிச்சா திங்கக்கிழமை."

"எதுல ஜெயிச்சா?"

அவர் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றுவிட்டது. "ஏ ட்ரூடி, இங்க வந்து இவரைப் பாரு," என்று மனைவியைக் கூப்பிட்டார். ஆற்றங்கரையிலேயே பெரிய கால்பந்து அரங்கம் இருப்பதும், ஆட்டம் பார்க்க ஜனங்கள் படகிலேயே வந்து ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு கிடப்பார்கள் என்பதும் நாடு முழுக்கத் தெரிந்த விஷயமாம். எனக்கு மீன் பிடிப்பதைத் தவிர எந்த ஆட்டம் தெரியும் சொல்.

வெளியே இருக்கிற படகுக்காரர்கள் கரைக்குப் போக வேண்டுமானால் உள்ளே இருக்கிற எல்லாப் படகுகளின் மேலும் நடந்துதான் போக வேண்டும். சுவரை ஒட்டி இருப்பது நான். ஆக, அத்தனை பேருக்கும் வாசல்படி நான்தான். செருப்பைக் கழற்றி, படகின் முன்பக்கமாக, உள்ளே எட்டிப் பார்க்காமல் கடப்பது படகுக்காரர் மரியாதை. செருப்பைக் கழற்றினார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், "அம்மா, கொஞ்சம் காலை மடக்கிக்கிறீங்களா... அட, முட்டையா பண்றீங்க?" என்று கேட்காமல் ஒருவனும் போகவில்லை. ஒருவர் எங்கள் கழிவறையை உபயோகித்துவிட்டுத் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று புகார் வேறு சொன்னார். லெனோரா நாற்காலியில் உட்கார்ந்து காபிக் கோப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சின்ன வயதிலிருந்தே நீயும் வாங்கியிருப்பாய்.

இன்று மத்தியானம், ஆளுயர ஊதுகுழல் ஒன்றைத் தோளில் மாட்டியிருந்த ஒருவர் எங்கள் படகைக் கடக்கும்போது மேற்கூரைக் கம்பியில் சிக்கிக்கொண்டார். கூரை பாதி கிழிந்தது. நான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, லெனோரா எழுந்தாள். மாற்றுத் துணியைப் பையில் திணித்தாள். அலமாரியைத் திறந்து அந்தப் பெரிய சட்டியை எடுத்தாள்.

"ஹார்லன், நான் போறேன். பின்னாடி வராதே."

ஊதுகுழல் விடுபட்டு நான் திரும்பியபோது அவள் இல்லை. பஸ் நிலையத்துக்குத்தான் போயிருப்பாள். கோபித்துக்கொண்டு துணியோடு போகிறவள் திரும்பி வரலாம். பீன்ஸ் சூப் வைக்கிற சட்டியையும் தூக்கிக்கொண்டு போகிறவள் வருவாளா? போனும் இங்கே மேசை மேல்தான் கிடக்கிறது. அரங்கத்திலிருந்து ஊரே அதிர்கிற சத்தம் கேட்கிறது. நான் அவளுடைய நாற்காலிக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, டுவைட்.

அதனால் டிரெய்லரை எடுத்துக்கொண்டு வா. படகை மனப்பூர்வமாகத் தருகிறேன். அடித்தட்டில் தண்ணீர் இறைக்கிற பம்பு நின்றால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டு, ஓடும். பெயரை மட்டும் மாற்றாதே. பெயர் மாற்றினால் படகுக்கு ஆகாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பின்பக்கத்தில் 'லெனோரா' என்ற எழுத்தை நான் என் கையால் எழுதினேன். அவள் அங்கே வந்திருந்தால், படகு போய்விட்டது, நீ வீட்டுக்கு வா என்று நான் சொன்னதாகச் சொல்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. கடவுள் உங்களைக் கூட்டத்திலிருந்து காப்பாற்றுவாராக.

உன் அத்தான்,
ஹார்லன் பிக்கெட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா வந்துவிட்டாள். கரைப் பக்கமிருந்து இல்லை, ஆற்றுப் பக்கமிருந்து. கடைசிப் படகில் நடந்த விருந்தில்தான் இருந்திருக்கிறாள். ட்ரூடியோடு சேர்ந்து சூப் வைக்கப் போனாளாம்; முட்டை வாசனை பிடித்த துணியோடு விருந்துக்குப் போக முடியாது என்று மாற்றுத் துணியாம்; பின்னாடி வராதே என்றது, கிழிந்த கூரையை நான் தைக்கட்டும் என்றாம். முகத்தில் ஆரஞ்சுச் சாயம். கடிதத்தை முழுவதும் படித்தாள்.

"ஊருல நடக்கணும்னு கேட்டேன்ல? ஒவ்வொரு படகும் ஒரு தெரு மாதிரி, ஹார்லன். எல்லா வீட்டுலயும் சாப்பிடச் சொல்றாங்க, எல்லா வீட்டுலயும் கதை. என் பேரு எழுதின படகைத் தூக்கிக் கொடுக்க நீ யாரு?"

அடுத்த ஆட்டத்துக்கும் இதே சுவரோரம் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாளாம். சட்டனூகா அதற்கப்புறமாம். சட்டி மறுபடி அடுப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். டிரெய்லர் வேண்டாம். வந்தால் என் அளவுக்கு ஓர் ஆரஞ்சுச் சட்டை வாங்கி வா. அவளை வாங்கவிட்டால் பளிச்சென்று வாங்கிவிடுவாள்.