நுகத்தடியில் ஒரு டைப்ரைட்டிங் மாஸ்டர்

எனக்கு இருபத்தாறு வயதிலேயே நரை விழுந்ததற்குப் பரம்பரை காரணமில்லை. வாயில்லா ஜீவன்தான் காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அவர். எண்பதுகளின் நடுவில், ஜவுளிக்கடையில் வேலை பார்த்த நானும் அவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். பல் தேய்க்கும்போது பேச ஆரம்பித்தால் தூக்கத்திலும் பேசுவார். எல்லாம் ஆடு, மாடு, கோழி படும் பாட்டைப் பற்றித்தான். ஒவ்வொரு பேச்சும் "வாயில்லா ஜீவன்யா அது!" என்று முடியும். ஊர் அந்தப் பெயரை அவருக்கே வைத்துவிட்டது.

பேச்சோடு நின்றிருந்தால் என் முடி கறுப்பாகவே இருந்திருக்கும். "சொன்னா சனங்க கேக்க மாட்டாங்க தம்பி, செஞ்சு காட்டணும்" என்பார். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாரென்றால் அன்றைக்கு நான் கடைக்கு லீவு சொல்லிவிடுவேன்.

ராஜபாளையம் சந்தைக்குக் கோழிகளைச் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவார்கள். அதை எதிர்த்து, சந்தை வாசல் வேப்பமரத்தில் அவரும் தலைகீழாகத் தொங்கினார். வேட்டி மானத்தை வாங்கிவிடுமே என்று நான்தான் சணலால் இறுக்கிக் கட்டினேன். முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. ஆள் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கூட்டத்தில் ஒருவர் குனிந்து, அவர் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் கேட்டார்:

"ஐயா, இது இடுப்பு வலிக்குக் கேக்குமா?"

"கோழிக்கு வலிக்கும்யா!" என்று கத்தினார் மாஸ்டர்.

"கோழிக்கு எதுக்குய்யா வைத்தியம்?" என்றபடி அவர் போய்விட்டார்.

வந்த போலீஸ்காரரும் குழம்பிப்போனார். "கழுத்துல தொங்குனா கேஸு போடலாம். இந்தாளு கால்லல்லா தொங்குதாரு!"

வண்டி விஷயத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கருப்பையா என்று ஒரு வண்டிக்காரர். ஒற்றை மாட்டு வண்டியில் நெல் மூட்டைகளை மலைபோல் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரை மேட்டில் ஏறுவார். மாடு நுரை தள்ளும். மாஸ்டர் தினமும் வழிமறித்துப் பேசுவார். ஒருநாள் கருப்பையாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்புட்டு எரக்கம் இருந்தா நீங்க இழுங்களேன் வாத்தியாரே!"

மறுநாள் காலை மாஸ்டர், 'இன்று நான் மாடு' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கருப்பையா பயந்துபோய், நாலு மூட்டையை விட்டு மிச்சத்தை இறக்கினார். மாட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் நுகத்தைத் தோளில் ஏற்றினார்.

வண்டி நகர்ந்ததும் கூட்டம் கூடிவிட்டது. அட்டையை யாரும் படிக்கவில்லை. ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்து, அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டு விழுந்தாள்.

"தாயி, இது நேர்த்திக்கடன் இல்ல. போராட்டம்!"

"சரி சாமி. எந்தக் கோயிலுக்குப் போராட்டம்?"

நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். குலவை கிளம்பியது. பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிய நான், "போதும் சார், மூச்சு வாங்குது சார்" என்று கெஞ்சினேன்.

"மாடு போதும்னு சொல்லுமா தம்பி?"

எப்படியோ மேடு ஏறியாயிற்று. எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் மேட்டுக்கு மறுபக்கம் இறக்கம் உண்டென்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. வண்டி அவரைத் தள்ள ஆரம்பித்தது. நடந்தவர் ஓடினார். ஓடியவர் பறந்தார். சாமி வந்துவிட்டது என்று கூட்டம் வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "பிடிங்கய்யா!" என்று நான் அலறியது குலவையில் அமுங்கிவிட்டது. கருப்பையா மாட்டை விட்டுவிட்டுப் பாய்ந்து, சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். வண்டி நின்றது. மாஸ்டர் நிற்கவில்லை, பள்ளத்தில் போய் விழுந்தார்.

கண்மூடிக் கிடந்தார். பேச்சில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சார்! ஏதாவது சொல்லுங்க சார்! கோழியப் பத்தியாவது சொல்லுங்க!"

"நான் பிள்ளகுட்டிக்காரன் வாத்தியாரே, என்னை ஜெயிலுக்கு அனுப்பிறாதீக!" என்று கருப்பையா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் கண் திறந்தது. "மாடு எங்கய்யா? தண்ணி காட்டுனீரா?"

கால் முறிந்திருந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு, மாட்டைப் பூட்டி, அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். திரும்ப மேடு வந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நிறுத்துய்யா, நான் எறங்கி நடக்கேன். மாட்டுக்குப் பாரம்."

"ஒடிஞ்ச காலோட நடக்காராம்! பேசாம படுங்க!" என்று கருப்பையா அதட்டினார்.

"அப்ப தம்பி, நீயாவது எறங்கு."

ஆஸ்பத்திரி வரை நான் நடந்தே போனேன்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடம் திருநீறு வாங்கப் பெண்கள் வந்தபடி இருந்தார்கள். ஆளுக்கொரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் பூசிவிட்டார். அவர்கள் காதில் ஏறியதோ என்னவோ. ஆனால் கருப்பையா அதற்குப் பிறகு பாதிப் பாரம்தான் ஏற்றினார். இரண்டு நடையாக அடித்தார்.

"மாட்டு மேல எரக்கமாண்ணே?" என்று கேட்டேன்.

"அட போங்க தம்பி. அந்த மனுசன் மறுபடி வந்து நுகத்துல கழுத்தக் குடுத்துருவாருன்னு பயம்!"

தொண்ணூறுகளில் மாஸ்டர் தங்கையின் ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் பஸ்ஸில் போகையில் வழியில் எங்காவது கூட்டம் தெரிந்தால் எனக்கு நெஞ்சு பக்கென்கிறது. ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்க்கிறேன். நடுவில் அவர் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? இருப்பதில்லை.