ஆவுடையம்மாளின் பட்டை ஜோடி சேராத கதை

ஒரு காட்டில், சிக்னல் இரண்டு கோட்டுக்கு மேல் ஏறாத மேற்குச் சரிவில், ஆவுடையம்மாள் என்றோர் அழுங்கு வாழ்ந்து வந்தாள். அழுங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில், முழ நீளத்துக்கு நாக்கு. யாராவது சத்தம் போட்டுப் பேசினால் பந்தாகச் சுருண்டுகொள்வாள். மற்றபடி தைரியசாலி. அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு கறையான் புற்று. ஆள் உயரப் புற்று, உள்ளே வற்றாத கறையான். இரவெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பகலெல்லாம் அதன் அடியில் தூங்குவாள்.

அந்தக் காட்டை ஆண்ட புலிராஜாவுக்கு ஒருநாள் ஒரு சேதி எட்டியது. ஆற்றோரப் புல்வெளி மூன்று வருடமாக ஒரு கடமானின் பெயரில் இருக்கிறது, அந்தக் கடமான் செத்தும் மூன்று வருடமாகிறது என்று. ராஜாவுக்கு மகா கோபம். அந்தக் கடமானைச் சாப்பிட்டதே அவர்தான் என்பது அவருக்கு நினைவில் இல்லை. உடனே உத்தரவு போட்டார்: புற்றோ, பொந்தோ, புல்வெளியோ வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும்.

அதற்காக ஆளுக்கொரு ரப்பர் பட்டை கொடுத்தார்கள். காலில் கட்டிக்கொண்டால் இதயத் துடிப்பையும் நடந்த அடிகளையும் எண்ணும். எண்ணியதைக் காற்று வழியாகச் சேவை மையத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டரில் பச்சை டிக் விழுந்தால் உயிரோடு இருப்பதாக அர்த்தம். அப்புறம் தினம் ஒரு தடவை மையத்துப் பக்கமாக நடந்து போய் வந்தால் போதும், துடிப்பு தானாகப் பதிந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் டிக் விழாதவர்கள் காலமானதாகக் கருதப்படுவார்கள். அவர்களுடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

ஆவுடையம்மாளின் புற்றுக்கு அடுத்தவர் கரடி கொம்பையா.

வெள்ளிக்கிழமை மதியம் தூக்கத்தை விட்டு அவள் சேவை மையத்துக்குப் போனபோது கொம்பையாவும் கூடவே வந்தார். வாரம் முழுக்க அவர் அவள் வாசலில்தான் இருந்தார். நல்ல மனுஷர் என்றுதான் சொல்ல வேண்டும், கரடிதான் என்றாலும்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் மதினி வேண்டிக்கிடுதேன்,” என்றார் வழியில். “ஆனா ஆயிட்டுன்னு வைங்க, புத்து சும்மா கெடந்து பாழாயிரக் கூடாது பாருங்க.”

“எனக்கு ஒண்ணும் ஆகாது கொழுந்தனாரே. நீங்க முன்னால நடங்க,” என்றாள் ஆவுடையம்மாள்.

சேவை மையம் ஒரு பாறைக்கு அடியில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஒரு கீரி. கீரியின் பெயர் செந்தூர்பாண்டி. வருகிறவர்கள் உட்கார நீளமாக ஒரு மரக்கட்டை கிடந்தது. அதில் ஒரு முயல், இரண்டு மான்கள், ஒரு மலபார் அணில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் காலை நீட்ட, ஒவ்வொருவருக்கும் டிக் விழுந்தது. டிக் விழுந்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு மையத்தில் ஒரு பரிசளிப்பு வேறு இருந்தது.

ஆவுடையம்மாளின் முறை வந்தது. காலை நீட்டினாள். கம்ப்யூட்டர் தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ‘கருவி எதுவும் கிடைக்கவில்லை’ என்றது.

“ஜோடி சேர மாட்டேங்குதே அக்கா,” என்றான் செந்தூர்பாண்டி.

“இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா ஜோடி?”

“உங்களுக்கு இல்லக்கா. பட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும். அப்பிடியே அணைச்சுட்டு மறுபடி போடுங்க.”

அணைத்தாள். போட்டாள். கிடைக்கவில்லை. செந்தூர்பாண்டி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். கிடைக்கவில்லை. மின்விசிறியைக்கூட ஒரு தடவை அணைத்துப் போட்டான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“பக்கத்துல வாங்க. இன்னும் பக்கத்துல.”

அவள் நெருங்கி நெருங்கி வந்து கீபோர்டு மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அங்கே எழுத்துகளின் இடுக்கில் ஏதோ ஊர்ந்தது. ஆவுடையம்மாளுக்கு விரதம் இருக்கத் தெரியாது. நாக்கை ஒரு விடு விட்டாள். வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை கீபோர்டின் அடிவயிற்றில் இருந்த எறும்பு அத்தனையும் காலி.

“ஏ அக்கா! ஸ்பேஸ் பார் வேலை செய்யுது!” என்று கத்தினான் செந்தூர்பாண்டி. “ஒரு வருசமா எல்லாருக்கும் இன்ஷியலும் பேரும் ஒட்டி ஒட்டித்தான் அடிச்சுக்கிட்டிருந்தேன்!”

சத்தம் கேட்டதும் ஆவுடையம்மாள் சுருண்டுவிட்டாள்.

அவளை விரிய வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. பந்துக்குப் பக்கத்தில் குனிந்து மான்கள் நயமாகப் பேசின. அணில் பாட்டுப் பாடிப் பார்த்தது. கடைசியில் கொம்பையாதான் வந்து, “மதினி, மணி நாலாவுது. எனக்கொண்ணும் அவசரமில்ல,” என்றார். படக்கென்று விரிந்துவிட்டாள்.

இப்போது ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். செதில் தடுக்கிறது, செதிலுக்கு மேலே கட்டுங்கள் என்றது ஒரு மான். மேலே கட்டினார்கள். பட்டை அவள் துடிப்பை விட்டுவிட்டு மின்விசிறியின் துடிப்பை எண்ண ஆரம்பித்தது. எல்லாரும் தங்கள் பட்டைகளைக் கழற்றித் தள்ளி வைத்தால் குறுக்கீடு இருக்காது என்றது முயல். வைத்தார்கள். பிறகு எது யாருடையது என்று தெரியாமல் ஒரு சின்னச் சண்டை நடந்தது. ஏனென்றால் எல்லாப் பட்டைக்கும் ‘பட்டை-7’ என்று ஒரே பெயர். ராஜாவுக்காக மொத்தமாக வாங்கிய நரி அப்படித்தான் வாங்கியிருந்தது.

செந்தூர்பாண்டி உதவி எண்ணுக்குப் போன் போட்டான்.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்,” என்றது ஒரு கிளியின் குரல். அது போனிலும் கேட்டது, தலைக்கு மேலும் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாறைக்கு மேலிருந்த கிளையில் கிளி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தது.

“ஏம்மா, இங்கதான இருக்க? எறங்கி வந்து ஒரு பார்வை பாரேன்,” என்றான் செந்தூர்பாண்டி அண்ணாந்து.

கிளி கீழே பார்க்கவே இல்லை. “தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்,” என்றது.

ஒன்றை அழுத்தினான்.

“பட்டையில் நீல விளக்கு எரிகிறதா?”

“எரியுது.”

“விட்டு விட்டு எரிகிறதா, விடாமல் எரிகிறதா?”

எல்லாரும் ஆவுடையம்மாளின் காலைச் சுற்றிக் குனிந்தார்கள். விடாமல் எரிந்தது.

“விட்டு விட்டு எரிந்தால் அது ஆள் தேடுகிறது,” என்றது கிளி. “விடாமல் எரிந்தால் ஏற்கனவே வேறு யாருடனோ சேர்ந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் சேரும். சேர்ந்தவரின் போன் முப்பது அடிக்குள்தான் இருக்கும். இந்தச் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

ஆவுடையம்மாளுக்கு வெட்கமாகப் போயிற்று. “நான் யாரோடயும் சேரலைய்யா. புத்தை விட்டு எங்க போறேன் நான்?” என்றாள்.

போன் வைத்திருப்பவர்களைத் தேடினார்கள். மான்களிடம் இல்லை. முயலிடம் இல்லை. அப்போது முயல் உட்கார்ந்திருந்த மரக்கட்டை கொட்டாவி விட்டது.

அது மரக்கட்டையே இல்லை. மலைப்பாம்பு பலவேசம். ஆவுடையம்மாளின் புற்றுக்கு அடுத்த பொந்துக்காரர். காலையிலேயே வந்து, பேர் கூப்பிடுகிறவரை கண் அசரலாம் என்று நீட்டிப் படுத்திருந்தார். வாலில் ஒரு போனைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“பரிசு குடுக்க ஆரம்பிச்சாச்சா?” என்றார்.

“என்ன பரிசு அண்ணாச்சி?” என்று கேட்டான் செந்தூர்பாண்டி.

“சுறுசுறுப்பு விருது. காட்டுலயே அதிகம் நடந்தது நான்தானாம்.”

காலில்லாத பலவேசத்தை எல்லாரும் தலையிலிருந்து வால் வரை பார்த்தார்கள். பார்த்து முடிக்கவே நேரம் பிடித்தது.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பட்டை கொடுத்த அன்றைக்கு வரிசையில் ஆவுடையம்மாளுக்குப் பின்னால் பலவேசம் நின்றிருக்கிறார். அவருடைய பட்டை எங்கே கட்டினாலும் வழுக்கி வால் வழியாகக் கழன்று விழுந்துவிட்டது. சரி, போனிலாவது சேர்ப்போம் என்று தேடினால் ‘பட்டை-7’ என்று வந்திருக்கிறது. அழுத்தினார். சேர்ந்துவிட்டது. போன் உள்ளவர்கள் போனிலேயே பதியலாம் என்பதால் அன்றைக்கே பச்சை டிக்கும் விழுந்துவிட்டது. அடுத்தடுத்த வீடு என்பதால் ஆவுடையம்மாளின் துடிப்பும் நடையும் தினமும் அவர் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தன.

“ராத்திரி ராத்திரி ஆறாயிரம் அடி காட்டும்,” என்றார் பலவேசம் பரிதாபமாக. “தூக்கத்துல நடக்கேன்னு நெனச்சேன். இவ்வளவு நடக்கிற உடம்புக்கு ஒரு முயல் கூடுதலாச் சாப்பிட்டாத் தப்பில்லைன்னு டாக்டர்கூடச் சொன்னாரு.”

முயல் எழுந்து மான்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டது.

“அண்ணாச்சி, போன்ல ‘இந்தக் கருவியை மறந்துவிடு’ன்னு ஒண்ணு இருக்கும். அதை அழுத்துங்க,” என்றான் செந்தூர்பாண்டி. மணி நாலே முக்கால்.

பலவேசம் அழுத்தவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனை நாளா ஒரே துடிப்பா இருந்தோம். மறந்துருன்னா எப்பிடிய்யா மறக்க?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பாம்புக்கு இமை கிடையாது என்பதால் மறைக்கவும் முடியவில்லை.

“அண்ணாச்சி, என் புத்து போயிரும்,” என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் பெருமூச்சு விட்டு வால் நுனியால் அழுத்தினார். நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கம்ப்யூட்டர் ‘பட்டை-7 கிடைத்தது’ என்றது. ‘இணைந்தது’ என்றது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆவுடையம்மாள் சுருளாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். பல் கிடையாது, ஆனாலும் கடித்தாள்.

அப்புறம் சிவப்பாக ஒரு வரி வந்தது: ‘இந்த இதயம் ஏற்கனவே பலவேசம் என்பவரின் பெயரில் பதிவாகியுள்ளது. விண்ணப்பதாரர் போலி.’

கைதட்டல் நின்றது. மணி நாலு ஐம்பத்தாறு.

“அப்ப நான் யாருய்யா?” என்றாள் ஆவுடையம்மாள்.

“பலவேசம்,” என்றான் செந்தூர்பாண்டி. “ஆவுடையம்மாங்கிறவங்க இன்னும் நாலு நிமிசத்துல எறந்துருவாங்க.”

கொம்பையா தொண்டையைச் செருமினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மதினி நல்ல பொம்பளை,” என்று பேச ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். அவர் முகம் மாறியது. “செந்தூர்பாண்டி, என் பேருக்கு டிக் விழுந்துருச்சா?”

“நீங்க வரவே இல்லையே.”

வாரம் முழுக்க அவள் வாசலில் காவல் கிடந்த கொம்பையா தான் உயிரோடு இருப்பதைப் பதிய மறந்திருந்தார்.

“எனக்குப் போடுய்யா! எனக்கு மொதல்ல!” என்று பாய்ந்தார். “இருங்க, இன்னும் அக்கா பேர்தான் தெறந்து கெடக்கு,” என்று செந்தூர்பாண்டி சொல்வதற்குள் கரடியின் உள்ளங்கை கீபோர்டில் விழுந்தது. உள்ளங்கைக்கு அடியில் எத்தனை எழுத்து அகப்பட்டதோ, அதில் என்டரும் ஒன்று. அந்தக் கையில் அவர் கட்டியிருந்த பட்டையும் ‘பட்டை-7’ தானே. கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்தது.

‘ஆவுடையம்மாள்: உயிரோடு உள்ளார்.’ பச்சை டிக்.

“அய்யோ, அது என் இதயம்லா!” என்றார் கொம்பையா.

“இனிமே அக்காவோடது,” என்றான் செந்தூர்பாண்டி. கொம்பையாவின் பெயரை அடித்துப் பார்த்தான். ஸ்பேஸ் பார் சும்மா வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் ‘இந்த இதயம் ஏற்கனவே ஆவுடையம்மாள் என்பவரின் பெயரில்’ என்று சிவப்பு வரி வந்துவிட்டது. கொம்பையா பலவேசத்தின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

மணி நாலு ஐம்பத்தொன்பது. செந்தூர்பாண்டி சுவரைப் பார்த்தான். அங்கே மரண அறிக்கைப் படிவம் தொங்கியது. ஒரு சாவுக்குப் பத்தொன்பது பக்கம், மூன்று பிரதி. அன்று வெள்ளிக்கிழமை. அவன் தன் பட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் காலில் மாட்டினான், கொம்பையாவின் பெயருக்கு நேரே அழுத்தினான். பச்சை டிக் விழுந்தது. ஐந்து மணி அடித்தது.

“அப்ப நீ தம்பி?” என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

“மையப் பணியாளர் முன் அனுமதி இல்லாமச் சாகக் கூடாதுக்கா. விதியில இருக்கு. அதனால நான் உயிரோடதான் இருக்கணும்.”

பரிசளிப்பு நடந்தது. பலவேசத்துக்கு ஒரு ஜோடி ஓட்டப்பந்தயக் காலணி கொடுத்தார்கள். அவர் அதை ஆவுடையம்மாளிடமே கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து பலவேசத்தின் உயிர் ஆவுடையம்மாளிடமும், ஆவுடையம்மாளின் உயிர் கொம்பையாவிடமும், கொம்பையாவின் உயிர் செந்தூர்பாண்டியிடமும் இருந்தன. அதனால் அவர்களுக்குள் இதுவரை இல்லாத அக்கறை வந்துவிட்டது. ஆவுடையம்மாள் தன் பட்டையை மறுபடி பலவேசத்தின் போனோடு சேர்த்துவிட்டாள். ராத்திரி அவள் இரை தேடிப் போனால் பலவேசம் சிறுத்தை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்தார். “நேத்து ரொம்ப நடந்துட்டீங்க போல. எனக்கு உடம்பெல்லாம் வலிக்கு,” என்று செல்லமாகக் குறைபட்டுக்கொண்டார்.

சாப்பாடு போதவில்லை, பக்கத்துக் காட்டுக்குப் போகலாமென்று பார்க்கிறேன் என்று கொம்பையா ஒருநாள் பேச்செடுத்தார். ஆவுடையம்மாள் பதறிப்போய், புற்றின் மேற்குப் பக்கத்தை அவருக்கே விட்டுக்கொடுத்தாள். கொம்பையா காலையில் கொஞ்சம் லேட்டாக எழுந்தால்கூட அவர் மூக்குக்கு நேரே நாக்கை நீட்டி மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்து கம்ப்யூட்டரிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ‘திருமதி ஆவுடையம்மாள் அவர்களுக்கு, தங்களுக்குக் குறட்டை அதிகமாக உள்ளது. உடல்நலம் கருதித் தேனைக் குறைத்துக்கொள்ளவும்.’ அவள் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொம்பையாவிடம் நிதானமாக இரண்டு தடவை படித்துக் காட்டினாள். “சரி மதினி, நீங்க சொன்னா சரிதான்,” என்று அவர் தேனடையைக் கீழே வைத்தார்.

நீதி: உயிரோடு இருப்பது மட்டுமே நம் வேலை. யாருடைய பெயரில் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.