குடல்வாலுக்கு ஆறு அசை

"பிளின்... தார்ம்... பெ... தென்... நெல்... சே."

"மறுபடியும் ஆறு அசையையும் ஒரே மாதிரி சொல்றீங்க," என்றாள் மனைவி ஷியாமளா, தோசையைத் திருப்பிப் போட்டபடி. "முதல் அசையிலதான் அழுத்தணும்னு உங்க ஆன்லைன் வாத்தியார் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே!"

தியாகு அமீரகத்தில், புஜைராவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு கலாஸ். நார்வேயில் ஒரு முதியோர் இல்ல வேலைக்கு ஏஜென்சி மூலம் எழுதிப்போட்டு, வெள்ளிக்கிழமை நார்வேஜியன் மொழியில் வீடியோ இன்டர்வியூ. அதுவும் போச்சென்றால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான்.

குறுக்கே நின்றது இந்த அப்பெண்டிசைட்டிஸ், அதாவது குடல்வால் அழற்சி. தங்கள் மொழியில் குருடு, குடல், அழற்சி மூன்றையும் ஒட்டி ஒரே வார்த்தையாக்கி வைத்திருக்கிறார்கள் அந்த மகானுபாவர்கள்.

"அழுத்தம் வர்ற இடத்துல காலால ஒரு உதை விடுங்க, பழகிடும்," என்றாள் ஷியாமளா.

உதைத்தான். பத்தாவது உதையில் கீழ்வீட்டு மளிகைக்கடைக்காரர் சாதிக் பாட்ஷா மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார்.

"என்ன தியாகு, உரல் போட்டு இடிக்கிறீங்களா? எங்க வீட்டு ஃபேன் ஆடுது!"

சரி, கால் வேண்டாம், கை. மறுநாள் டியூட்டியில் பி.பி. பார்க்கும்போது மனசுக்குள் வார்த்தைகளை ஓட்டி, அழுத்தம் வரும் இடத்திலெல்லாம் பம்பை ஒரு அழுத்து அழுத்தினான். நிமோனியாவுக்கு ஒன்று, மாரடைப்புக்கு ஒன்று, குடல்வாலுக்கு மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு.

"பஸ் பாய், பஸ்! ஹாத் கயா!" போதும், கை போச்சு என்று இந்தியில் அலறினார் கையில் பி.பி. பட்டை கட்டியிருந்த லாரி டிரைவர்.

காண்ட்ராக்டை நீட்டிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மேனேஜர் அன்றோடு யோசிப்பதை நிறுத்தினார்.

கையும் வேண்டாம் என்று தலையை வெட்டி வெட்டிச் சொல்லிப் பார்த்தான். வார்த்தை கச்சிதமாக வந்தது. வியாழக்கிழமை கழுத்து பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கழுத்துப்பட்டையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். திரையில் ஒரு நார்வே அம்மாள். பக்கத்தில் கேமராவை அணைத்து வைத்திருந்த இன்னொருவர் கறுப்புக் கட்டமாகத் தெரிந்தார். அந்த அம்மாள் கேட்ட வியாதிக்கெல்லாம் தியாகு முதல் அசையில் நச்சென்று அடித்தான். குடல்வாலைக் கேட்டதும் அவள் கைதட்டியே விட்டாள்.

"பிரமாதம்! வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?"

தியாகுவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தது வரட்டும் என்று நார்வேஜியனிலேயே அளந்துவிட்டான்.

"இதேதான் மேடம். தமிழெல்லாம் சுத்தமாக மறந்துபோச்சு."

கறுப்புக் கட்டத்தில் விளக்கு எரிந்தது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் நெற்றியில் கை வைத்தபடி இருந்தார்.

"ஐயோ தம்பி, இஞ்ச எங்கட முதியோர் இல்லத்தில இருக்கிறதெல்லாம் நொர்வேஜியனை மறந்துபோன யாழ்ப்பாணத்து ஆக்கள், தமிழ் கதைக்க ஒரு நேர்ஸ் வேணுமெண்டுதானே உங்களைக் கூப்பிட்டனாங்கள்!"